கொம்பு தனியே நின்ற இரவு

பீல் நகரில் தெருவுக்குத் தெரு இரண்டு பெயர்.
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு,
ஒரே நீலத் தகட்டில்.
ஒன்றை மற்றதாக மாற்றித்தர ஆள் தேவையில்லை,
தபால்காரிக்கு இரண்டும் தெரியும்.

எனக்குத் தேவைப்பட்டது.

கார் பழக்குகிற அருமைத்துரை அண்ணை
சாவிக்கொத்திலிருந்து ஒரு பென்டிரைவைக் கழற்றித் தந்தார்.
"பாடமெல்லாம் இதுக்குள்ள கிடக்கு, தங்கச்சி.
இருபது வருசமா அச்சடிச்சுக் குடுத்தது.
அப்பிடியே இணையத்தில போட்டுவிடுங்கோ."

அப்படியே திறந்தேன்.
முதல் பக்கத்தின் நடுவில்
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
பாமினி எழுத்துரு இல்லாத கணினியில்
அம்மா இப்படித்தான் தெரிவாள்.

இரவு பதினொன்று.
பதினெட்டுத் தாவல்கள்.
படத்தைச் சுருக்கித் தரும் தளம்,
மூடாத அடைப்புக்குறியைக் காட்டிக்கொடுக்கும் தளம்,
நிறப் பொருத்தம் பார்த்து மதிப்பெண் போடும் தளம்.
பாதசாரிக் கடவையின் மஞ்சளில்
வெள்ளைமேல் தலைப்புக் கேட்டிருந்தார் அண்ணை.
'தேறவில்லை' என்றது அது, சிவப்பில்.
எத்தனையோ பேரைப் பரீட்சைக்கு அனுப்பியவரை
ஒரு நொடியில் ஃபெயிலாக்கிவிட்டது.
எல்லாம் இலவசம்.
எல்லாவற்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர்
தூங்காமல் இருந்திருக்கிறார்.

பத்தொன்பதாவது தாவல் எழுத்துமாற்றி.
சாம்பல் பின்னணி, இரண்டு பெட்டிகள், ஒரு பொத்தான்.
இடப்பக்கம் குப்பையைக் கொட்டினால்
வலப்பக்கம் தமிழ் எழுந்து நிற்கும்.
நின்றது.
நாற்பத்தொரு பக்கமும் மளமளவென்று.
சந்தியில் வலப்பக்கத்து வாகனத்துக்கு வழிவிடுக.
மழையில் இடைவெளியைக் கூட்டுக.

ஆனால் அங்கங்கே
புள்ளிகளாலான ஒரு வட்டம்,
அதன் முன்னே ஒற்றைக் கொம்பு.
எழுத்து இல்லை.
மதுவாகச் செல்லவும், என்றது ஓரிடம்.
நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை.

பழைய முறையில் கொம்பை முதலில் தட்ட வேண்டும்,
கண் காண்கிற வரிசையில்.
புதிய முறையில் எழுத்து முன்னே, கொம்பு பின்னே;
திரையில் மட்டும்தான் அது முந்திக்கொள்ளும்.
அண்ணையின் வரிகள் எங்கோ முடிந்து
கொம்பு இந்தக் கரையில்,
மகரம் அந்தக் கரையில்.
எழுதியவருக்கு இப்படியொன்று தோன்றியிருக்காது.
யாருக்குத்தான் தோன்றும்?

பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு வரி:
பிழையிருந்தால் எழுதுங்கள்.
எழுதினேன்.
நான்கே நொடியில் திரும்பி வந்தது,
அப்படியொரு முகவரி இல்லை.
கடைசியாகப் புதுப்பித்த ஆண்டைப் பார்த்தேன்.
அந்த வருடம் எனக்குப் பதின்மூன்று,
பிரெஞ்சில் கணக்குப் பாடம் புரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.

ஆனால் கதவைப் பூட்டாமல் போயிருந்தார்.
நிரல் முழுவதும் திறந்தே கிடந்தது,
குறிப்புகள் கொச்சைத் தமிழில்:
'இதைத் தொட்டா எல்லாம் போயிடும்.'
தொட்டேன்.
கொம்போடு முடிகிற வரியை
அடுத்ததோடு ஒட்டு, பிறகு மாற்று.
அவ்வளவுதான். ஒரு வரி.
கீழே சலவை அறையில்
யாரோ விதியை மீறி இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள்,
தரை மெல்ல அதிர்ந்தது.

மெதுவாகச் செல்லவும்.

என் வழங்கியில் ஏற்றினேன், அதே சாம்பல் நிறத்தில்.
அவர் பெயரை எடுக்கவில்லை.
அடி வரியில் முகவரியை மட்டும் மாற்றினேன்.

அண்ணையின் தளம் கடுநீலத் தலைப்போடு வெளிவந்தது.
மஞ்சளுக்காக இன்னும் முணுமுணுக்கிறார்.

மூன்று வாரம் கழித்து மல்ஹவுஸிலிருந்து ஒரு மின்னஞ்சல்:
'வணக்கம். எல்லாம் சரியாக வருகிறது.
ஸ்ரீ மட்டும் உடைகிறது.
என் பெயர் அதில்தான் தொடங்குகிறது.
அவசரமில்லை.'

மணி பத்தே முக்கால்.
கேத்திலைத் தட்டிவிட்டு
கோப்பைத் திறந்தேன்.